ஏழு இலட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது

(ஆலங்குளத்தில் நடைபெற்ற வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் பேச வருவோர் கழகத்தின் வரலாற்றைச் சொல்வது வழக்கம். அதனைச் சொல்வதற்கு என்னினும் தகுதி வாய்ந்த பெரியவர்கள் இங்கே அமர்ந்திருக்கின்றனர். ஆகவே அப்பணியை அவர்களிடமே விட்டுவிட்டு, ஒரே ஓர் எண்ணைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். எண்ணை முன்னும் எழுத்தைப் பின்னும் வைத்துப் பேசுவது தமிழ் மரபு. நம் பிள்ளைகளோ எழுத்தை ஓரளவு எட்டிப் பிடித்துவிட்டு, எண்ணைக் கண்டு ஒதுங்கி நிற்கின்றனர். "எங்கள் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்னும் சொல்லைப் பெற்றோரே சொல்லக் கேட்கிறோம். அச்சொல்லுக்கு மறுமொழியாகவே இந்த எண்ணைத் தேர்ந்துகொண்டேன்.

அந்த எண் 7,20,720. ஏழு இலட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது. பள்ளிப் பிள்ளைகள் கையில் உள்ள தாளில் இதனைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் ஒவ்வொன்றையும் நீங்களே வகுத்துப் பாருங்கள். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்ப வேண்டா.

இந்த எண்ணை 2-ஆல் வகுத்தால் மீதி இல்லை. 3-ஆல் வகுத்தாலும் இல்லை. 4, 5, 6 என்று ஏறிக்கொண்டே போங்கள். 7-ஆல் வகுத்தால் ஈவு 1,02,960. 11-ஆல் வகுத்தால் 65,520. 13-ஆல் வகுத்தால் 55,440. 16-ஆல் வகுத்தால் 45,045. ஒன்று முதல் பதினாறு வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடுவது இதன் முதல் இயல்பு. 17-க்கு வரும்போதுதான் முதன்முதலாக மீதி தோன்றுகிறது: ஈவு 42,395, மீதி 5.

இவ்வியல்பு எங்கிருந்து வந்தது? எண்ணை உற்றுப் பாருங்கள். 720 என்பது இரண்டு முறை அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கிறது. மூன்றிலக்க எண் ஒன்றை அடுத்தடுத்து இருமுறை எழுதினால், அதனை 1001-ஆல் பெருக்கியதாகிறது. 1001 என்பதோ 7, 11, 13 ஆகிய மூன்றின் பெருக்கம். எனவே எந்த மூன்றிலக்க எண்ணை இருமுறை எழுதினாலும் அது 7-ஆலும் 11-ஆலும் 13-ஆலும் வகுபட்டே தீரும். 358 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 3,58,358 ஆகிறது. 7-ஆல் வகுக்க 51,194. அதனை 11-ஆல் வகுக்க 4,654. அதனை 13-ஆல் வகுக்க மீண்டும் 358. இது மாயம் அன்று. காரணம் தெரிந்த செயல். மற்றொரு பாதியாகிய 720, ஒன்று முதல் ஆறு வரையுள்ள எண்களின் பெருக்கம். அதற்குள் நான்கு இரண்டுகளும் இரண்டு மூன்றுகளும் ஓர் ஐந்தும் இருக்கின்றன.

ஆக, நம் எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் கிடைப்பவை நான்கு 2, இரண்டு 3, ஒரு 5, ஒரு 7, ஒரு 11, ஒரு 13. இவற்றுள் ஒன்றையும் விலக்க முடியாது. 16-ஆல் வகுபட நான்கு இரண்டுகள் வேண்டும். 9-ஆல் வகுபட இரண்டு மூன்றுகள் வேண்டும். 5, 7, 11, 13 ஒவ்வொன்றும் தமக்காகவே வேண்டும். வேண்டியவை மட்டுமே இருக்கின்றன. மிகையாக ஒன்றும் இல்லை. ஆகவே ஒன்று முதல் பதினாறு வரை அனைத்தாலும் வகுபடும் எண்களுள் மிகச் சிறியது இதுவே. பள்ளிப் புத்தகத்தில் மீச்சிறு பொது மடங்கு என்று படிக்கிறீர்களே, அதுதான் இது. 17-ஐயும் சேர்க்க விரும்பினால் எண் 1,22,52,240 ஆக உயர்ந்துவிடும்.

இனி இரண்டாவது இயல்பு. இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் எத்தனை? ஒவ்வொன்றாகத் தேடத் தேவையில்லை. ஒரு காரணியை அமைக்கும்போது நான்கு இரண்டுகளிலிருந்து ஒன்றும் எடுக்காமலோ, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எடுத்தோ செல்லலாம். அது 5 வழி. மூன்றுகளில் 3 வழி. 5, 7, 11, 13 ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம். தலைக்கு 2 வழி. பெருக்கினால் 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. இதனினும் சிறிய எண் எதற்கும் இத்தனை காரணிகள் இல்லை.

இதனைப் பத்து இலட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 10,00,000 இதனினும் பெரியது. ஒன்றுக்குப் பின் ஆறு சுழியங்களோடு பார்வைக்கும் கம்பீரமானது. ஆனால் அதனுள் இருப்பவை ஆறு 2, ஆறு 5 மட்டுமே. காரணிகள் ஏழேழு நாற்பத்தொன்பது. மூன்று பேருக்குச் சமமாகப் பங்கிட அதனால் இயலாது. அளவில் பெரியது எல்லாம் பங்கீட்டிலும் பெரியதாக இருப்பதில்லை.

நம் வட்டாரத் தொழிலுக்கு வருவோம். தீப்பெட்டியைப் பன்னிரண்டு டஜன் சேர்த்து ஒரு குரோஸ் என்று எண்ணுவது நமக்குத் தெரியும். ஒரு குரோஸ் 144 பெட்டி. 7,20,720 பெட்டிகளைக் குரோஸாகக் கட்டினால் மிகச் சரியாக 5,005 குரோஸ். ஒரு பெட்டியும் மிஞ்சாது. அதே பெட்டிகளை 600 பெட்டி கொண்ட பண்டலாகக் கட்டினால் 1,201 பண்டல் போக 120 பெட்டி மிஞ்சும். ஏன்? 600-க்குள் இரண்டு ஐந்துகள் இருக்கின்றன. நம் எண்ணிலோ ஓர் ஐந்துதான் உண்டு. ஓர் எண்ணின் உள்ளமைப்பை அறிந்தவர், பெட்டியைத் தொடுவதற்கு முன்பே மீதி வருமா வராதா என்பதைச் சொல்லிவிடலாம்.

இத்தனை அடக்கமான எண்ணுக்குப் பக்கத்து வீட்டிலேயே ஒரு பொறி இருக்கிறது. 7,20,721-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2 முதல் 16 வரை எதனால் வகுத்தாலும் மீதி 1. பதினைந்து முறை முயன்று பதினைந்து முறையும் தோற்றவர், "இது எதனாலும் வகுபடாது, இது பகா எண்" என்று முடிவு கட்டிவிடக் கூடும். 17, 19, 23 என்று மேற்கொண்டு பகா எண்களாலேயே வகுத்துச் செல்லுங்கள். பதின்மூன்று முறை மீதி வரும். பதினான்காவதாக 71 வருகிறது. அது மீதியின்றி வகுக்கிறது. 7,20,721 = 71 × 10,151. மறுபக்கத்து அண்டை எண்ணாகிய 7,20,719-ம் அப்படியே; அது 31-ஆல் வகுபடும். சில முயற்சிகளின் தோல்வியை வைத்து ஓர் எண்ணின் இயல்பை முடிவு செய்வது பிழை. நம் பிள்ளைகளைப் பற்றி முடிவு செய்வோரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

71-ஐயும் 10,151-ஐயும் பெருக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் பெருக்கத்தைக் கொடுத்து, "எவற்றைப் பெருக்கினோம், கண்டுபிடி" என்றால் நெடுநேரம் ஆகிறது. இந்த வேறுபாட்டையே அடித்தளமாகக் கொண்டு 1977-ஆம் ஆண்டு ரிவெஸ்ட், ஷமிர், அடில்மன் என்னும் மூவர் செய்திகளை மறைத்து அனுப்பும் முறை ஒன்றை வகுத்தனர். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட இரு பகா எண்களின் பெருக்கமே அங்கே பூட்டாகிறது. 2002-ஆம் ஆண்டு கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர், ஓர் எண் பகா எண்ணா அன்றா என்பதை ஐயத்துக்கு இடமின்றி விரைவில் சோதிக்கும் வழியைக் கண்டனர்; உலகம் வியந்தது. எண்ணின் இயல்பை ஆராய்வது வேலையற்றவர் விளையாட்டு என்று யாரும் இனிச் சொல்ல முடியாது.

7,20,720 போன்ற எண்களை, அதாவது தம்மினும் சிறிய எல்லா எண்களைக் காட்டிலும் மிகுதியான காரணிகளை உடைய எண்களை, முறையாக ஆராய்ந்தவர் நம் தமிழ்நாட்டவர். 1887-ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன் அவர். கல்லூரித் தேர்வில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தோற்றவர். தாள் வாங்கப் பணமின்றிச் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்தவர். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக அமர்ந்தவர். 1913-இல் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதி, 1914-இல் கப்பலேறினார். 1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் இந்த எண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை அச்சாயிற்று.

அதில் அவர் நிறுவிய செய்திகளுள் ஒன்றை நீங்களே சரிபார்க்கலாம். இத்தகைய எண்ணில் சிறிய பகா எண் பல முறையும் பெரிய பகா எண் சில முறையுமே வரும். நம் எண்ணில் அவை 4, 2, 1, 1, 1, 1 என்று இறங்கு வரிசையில் இருப்பதைக் காணுங்கள். பெரிய பகா எண் சிறியதைக் காட்டிலும் மிகுந்த முறை வந்தால், இரண்டையும் இடம் மாற்றி அதே அளவு காரணிகளோடு இன்னும் சிறிய எண்ணை அமைத்துவிடலாம் அன்றோ? காரணம் அவ்வளவு எளிது.

அக்கட்டுரையில் இராமானுசன் அத்தகைய எண்களின் பட்டியல் ஒன்றைத் தந்தார். கணிப்பொறி இல்லாத காலத்தில், கையாலேயே கணக்கிட்டு, 6,74,632,83,88,800 என்னும் பதின்மூன்று இலக்க எண் வரை சென்றார். அதற்கு 10,080 காரணிகள். 102 எண்கள் கொண்ட அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருந்தது. 29,331,86,25,600 என்பது அது. அதற்கு 5,040 காரணிகள். பட்டியலின் இறுதி எண்ணை 23-ஆல் வகுத்தால் அந்த விடுபட்ட எண்ணே கிடைக்கும். மேதையின் பெருமையை இச்செய்தி ஒரு துளியும் குறைக்கவில்லை. நமக்கோ அது பெரியதொரு பாடத்தைச் சொல்கிறது. எழுதியவர் இராமானுசனே ஆயினும், எண்ணின் அவையில் அவர் சொல் என்பதற்காக ஒன்று நிலைபெறுவதில்லை. வகுத்துப் பார்த்தவர் சொன்னார், உலகம் ஏற்றுக்கொண்டது. வகுத்தவருடைய ஊர் எது, குலம் எது என்று அங்கே கேள்வி எழவில்லை.

எண் கேட்பதில்லை. ஆனால் எண்ணைக் கற்பிக்கும் வகுப்பறை கேட்டது. இராமானுசன் வறியவர், ஆயினும் பள்ளியின் கதவு அவருக்குத் திறந்தே இருந்தது. அண்ணல் அம்பேத்கர் சாத்தாராவில் சிறுவனாகப் படித்தபோது, மற்றப் பிள்ளைகளிடமிருந்து விலகி, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குத் துணியில் அமர வேண்டியிருந்தது. பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்து நிகழ்ச்சி ஒன்று அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. கணக்கொன்றைச் செய்து காட்டுமாறு ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே வகுப்பில் கூச்சல் எழுந்தது. மற்ற மாணவர்களின் உணவுப் பெட்டிகள் கரும்பலகையின் பின்னே இருந்தன. அவர் நெருங்கினால் தீட்டாகும் என்று ஓடிச் சென்று பெட்டிகளை அப்புறப்படுத்தினர். பெட்டிகள் விலகின, பலகையிலிருந்த கணக்கு விலகவில்லை.

1913-இல், இராமானுசன் ஹார்டிக்குக் கடிதம் எழுதிய அதே ஆண்டில், அம்பேத்கர் அமெரிக்காவிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். 1916-இல் இருவருமே இங்கிலாந்தில் இருந்தனர். ஒருவர் கேம்பிரிட்ஜில், மற்றவர் இலண்டனில். 1923-இல் அம்பேத்கர் வெளியிட்ட ரூபாயின் சிக்கல் பற்றிய நூல், நாணயத்தையும் விலையையும் எண்களால் அளந்து ஆராய்வது. சட்ட மேதை என்று மட்டுமே அவரை அறிந்திருக்கும் இளைஞர்கள், எண்ணைக் கருவியாகக் கையாண்ட பொருளியல் அறிஞர் அவர் என்பதையும் அறிய வேண்டும்.

நம் வாழ்க்கையில் எண் எங்கே வருகிறது? கூலியில் வருகிறது. நம் தாய்மார்களில் பலர் தீப்பெட்டி ஆபீஸுக்குப் பெட்டி ஒட்டியவர்கள், குச்சி அடுக்கியவர்கள். செய்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. எண்ணிக்கையை எழுதும் கை ஒன்று. உழைக்கும் கை வேறொன்று. எழுதியது சரியா என்று பார்க்கும் திறன் உழைக்கும் கைக்கு இல்லாத வரையில், அது பிறருடைய நேர்மையை நம்பியே வாழ வேண்டும்.

ஒரு சிறு முறையைச் சொல்கிறேன். ஒரு குரோஸ் 144. அது 16 × 9. ஆகவே எத்தனை குரோஸ் ஆனாலும் பெட்டிகளின் எண்ணிக்கை 9-ஆலும் வகுபட வேண்டும், 4-ஆலும் வகுபட வேண்டும். 9-க்குச் சோதனை, இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பது. 10, 100, 1000 ஆகிய ஒவ்வொன்றையும் 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதே அதற்குக் காரணம். 4-க்குச் சோதனை, கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்ப்பது. 100 என்பது 4-ஆல் வகுபடுவதால் முன்னுள்ளவற்றைப் பார்க்கத் தேவையில்லை. 37 குரோஸுக்கு 5,328 பெட்டி. இலக்கங்களைக் கூட்டினால் 18, 9-ஆல் வகுபடும். கடைசி இரண்டு இலக்கம் 28, 4-ஆல் வகுபடும். எழுதுபவர் கை தவறி 5,238 என்று எழுதிவிட்டால் 90 பெட்டி போயிற்று. இலக்கக் கூட்டல் அப்போதும் 18 தான். முதல் சோதனை ஏமாந்துவிடும். ஆனால் 38 நான்கால் வகுபடாது. இரண்டாவது சோதனை பிடித்துவிடும். ஒரு சோதனை போதாது என்பதையும் இதனால் அறிகிறோம். இதற்குப் பட்டம் வேண்டா. நான்காம் வகுப்புக் கணக்கும் நிமிர்ந்து கேட்கும் துணிவும் போதும்.

நான்காம் வகுப்பையே எட்டாமல் போன பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! கணக்குப் போட வேண்டிய விரல்கள் குச்சியை எண்ணின. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. சிவகாசித் தொழிலில் குழந்தைகள் உழைத்ததைக் குறித்து எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் இருபதாயிரம் ரூபாய் நலநிதியில் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2009-இல் கட்டாயக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் பிள்ளையைப் பள்ளி வாசல் வரை கொண்டு வந்து சேர்க்கும். உள்ளே சென்ற பிள்ளையைக் கரும்பலகை வரை அழைத்துச் செல்வது ஆசிரியரும் பெற்றோரும் நம் கழகமும் செய்ய வேண்டிய வேலை.

"கணக்கு வராது" என்று சொல்லாதீர்கள். கணக்கு ஒருவருக்கு வருவதும் மற்றொருவருக்கு வராமற் போவதும் பிறப்பினால் அன்று. பிறப்பை எண் அறியாது. பெருக்கல் வாய்ப்பாடு ஆறாம் வகுப்பில் விட்டுப் போயிருக்கலாம். பின்னக் கணக்கு நடந்த வாரம் பிள்ளை கூலி வேலைக்குப் போயிருக்கலாம். விட்டுப்போன இடத்தைக் கண்டு அங்கிருந்து தொடங்கினால் மேலே உள்ளது தானாகத் தெளியும். 71 வரை பொறுமையாகச் சென்றவருக்கே 7,20,721 தன்னைத் திறந்து காட்டியது.

கழகத்தார்க்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி நடத்துகிறோம், நன்று. வரும் ஆண்டு முதல் மாலை வகுப்பில் வாரம் இரு நாள் கணக்குக்கென ஒதுக்குங்கள். அங்கே ஒரு கரும்பலகையை வையுங்கள். பிள்ளைகளைத் தாமே எழுந்து வந்து எழுதச் செய்யுங்கள். பெண் பிள்ளைகளை முதலில் அழையுங்கள். தவறாக எழுதினால் வையாதீர்கள். எங்கே தவறு என்று அடுத்த பிள்ளையை வந்து காட்டச் சொல்லுங்கள். தாய்மார்களும் உடன் அமர்ந்து தம் கூலிக் கணக்கைத் தாமே எழுதிப் பழகட்டும். படித்து வேலைக்குச் சென்றிருக்கும் இளைஞர்கள் மாதம் ஒரு நாளேனும் வந்து கற்பிக்கட்டும்.

இளைஞர்களே, இன்றிரவு வீடு சென்றதும் 7,20,720-இன் காரணிகளை எழுதத் தொடங்குங்கள். 240-உம் வந்து சேர்ந்தனவா என்று பாருங்கள். குறைந்தால் எது விடுபட்டது என்று தேடுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளோடு வந்து என்னைச் சந்தியுங்கள்.